இரண்டு தராசுகளும் ஒரு சேணமும்

மார்ச் 2

தங்கைக்கு,

பதினொரு முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. ஆறு வருடமாக என்னோடு பேசாதவள் திடீரென்று எடுத்துவிடுவாய் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொன்னதாக நினைவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இது சமாதானக் கடிதம் இல்லை. தொழில் சம்பந்தமான ஒரு சந்தேகம். தொழில் உன்னுடையது, சந்தேகம் என்னுடையது.

போன மழையில் இங்கே மலைச் சாலை பதினாலு இடத்தில் சரிந்துவிட்டது. மேலே இருக்கும் மூன்று ஊர்களின் தராசுகளையும் சோதித்து முத்திரை போட வேண்டிய ஆய்வாளர் நான். ஜீப் போகாது. சோதனைக்கான எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இரண்டு நாள். குதிரையில் போகட்டுமே என்று மேலிடத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். மைதானத்தை வலமும் இடமுமாகச் சுற்றி, ஒரு சரிவில் இறங்கிக் காட்டினால் மலை எனக்கு. இல்லாவிட்டால் தலைமை அலுவலகத்தில் ஆவண அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இருபத்தாறு வருடம் வெளியில் அலைந்த நான் அந்த நாலு வருடமும் கோப்புகளுக்குத் தூசி தட்டினால் பைத்தியம் பிடித்துவிடும்.

லாயக்காரர் எனக்கு ஒரு பழுப்புப் பெண் குதிரையைக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் அதை மேனேஜரம்மா என்கிறார்கள். தனக்குச் சரி என்று படாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்குமாம். நடக்கும்போது பரவாயில்லை. துள்ளோட்டம் ஆரம்பித்தால்தான் வினை. நான் மேலே போகும்போது அது கீழே போகிறது. நான் கீழே வரும்போது அது மேலே வருகிறது. நடுவழியில் சந்திக்கிறோம். அந்தச் சந்திப்பு எனக்கு வலிக்கிறது.

முட்டியால் இறுக்கிப் பிடித்தும் நிற்க மாட்டேன் என்கிறது உடம்பு. என்ன தப்பு? பதில் சுருக்கமாக இருந்தால் போதும்.

அண்ணன்


மார்ச் 8

எடை அளவு ஆய்வாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபத்தில், இரண்டாம் முறை சிரிப்பில், மூன்றாம் முறை அந்த நடுவழிச் சந்திப்பை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காக.

உங்களுக்கு மறந்திருக்கும், நான் நினைவுபடுத்துகிறேன். என் குதிரையேற்றப் பள்ளியின் திறப்பு விழா. வீட்டில் மூத்தவர் என்று மைக்கை உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னீர்கள்: "ஓடுறது குதிரை. இவ சும்மா மேல உக்காந்திருக்கா. உக்கார்றதுக்கெல்லாமா ஒரு பள்ளிக்கூடம்?" கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சேருவதற்காக வந்திருந்த ஏழு பேரில் நாலு பேர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்காக வாங்கிய நாலு தொப்பிகள் இன்னும் உறை பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கின்றன. தினமும் அலமாரியைத் திறக்கிறேன், தினமும் பார்க்கிறேன்.

இப்போது நீங்களும் சும்மா மேலே உட்கார வேண்டியதுதானே? இதற்கு எதற்குக் கடிதம்?

சொல்லித் தருகிறேன். என் கட்டணம் ஒரே ஒரு வரி: 'நான் மைக்கில் சொன்னது தப்பு.' உங்கள் கையெழுத்தில் வேண்டும். அது வரும்வரை ஒரு கடிதத்துக்கு ஒரு குறிப்புதான்.

இன்றைய குறிப்பு: முட்டியை விடுங்கள். துணி காயப்போடும் கிளிப்பை ஓர் உருண்டைக் குழாயின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். இறுக்க இறுக்க அது மேலே வழுக்கி வரும். நீங்கள்தான் அந்தக் கிளிப். தொடையைத் தளர்த்தித் தொங்கவிடுங்கள். லாயக்காரரிடம் சொல்லி, குதிரையை நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். கால் வளையமும் வேண்டாம், கடிவாளமும் வேண்டாம். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்காருங்கள்.

பயிற்சியாளர்


மார்ச் 14

பயிற்சியாளர் அம்மாவுக்கு,

வேடிக்கைக்குச் சொன்ன ஒரு பேச்சை ஆறு வருடம் சுமந்துகொண்டிருக்கிறாயே! அந்த வரியைப் பற்றி யோசிக்கிறேன். எதையும் எழுத்தில் கொடுத்துவிடக் கூடாது என்பது இருபத்தாறு வருட அலுவலக அனுபவம்.

முட்டியை விட்டேன். நல்ல முன்னேற்றம். கையை நீட்டிக்கொண்டு தொடர்ந்து ஆறு சுற்று வந்தேன். வேறு குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை.

உன் அண்ணி சாப்பாட்டு டப்பாவோடு வந்து வேலி ஓரமாக நின்றாள். லாயக்காரருக்கு நாக்கு சும்மா இருக்காது. "நீங்களும் ஒரு சுத்து வர்றீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். இவள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். என்னைப் பார்த்து இரண்டு வாரமாக முகம் சுளித்துக்கொண்டிருந்த மேனேஜரம்மா காதை முன்னால் நீட்டி, கழுத்தை இறக்கி, அழகாக நடக்க ஆரம்பித்தது. "தையல் மிஷின் மிதிக்கிறப்ப இப்படித்தாங்க உக்காருவேன். குனிஞ்சா தையல் கோணும்" என்கிறாள். முதுகு நேராக இருந்தது. குதிகால் தானாகக் கீழே இறங்கியிருந்தது. லாயக்காரர் என்னைப் பார்த்து, "சார், அம்மா மலைக்குப் போகட்டும். நீங்க வீட்ல தைங்க" என்றார். சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

இப்போது சந்தேகம். நான் வலது பக்கமாகச் சாய்கிறேனாம். எனக்குத் தெரியவில்லை, குதிரைக்குத் தெரிகிறது. நேராகப் போகச் சொன்னால் வலது பக்கமாக வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. சேணமும் வலது பக்கம் நகர்ந்துவிடுகிறது. வழி சொல்.

அண்ணன்


மார்ச் 19

ஆய்வாளர் அவர்களுக்கு,

குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குள் நீங்கள் தலைகுப்புற விழுந்ததும், மேனேஜரம்மா உங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத் தண்ணீரைக் குடித்ததும் எந்தக் கணக்கில் வரும்?

எனக்கு எப்படித் தெரியும் என்று முழிக்காதீர்கள். உங்களோடுதான் பேசுவதில்லை. அண்ணியோடு பேசவில்லை என்று யார் சொன்னது? திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோம். ஆறு வருடமாக உங்கள் மாத்திரை பெயர் முதற்கொண்டு எனக்கு அத்துப்படி.

வரி வரவில்லை. ஆகவே ஒரே ஒரு குறிப்பு. மெத்தை இல்லாத கட்டை ஸ்டூலில் உட்காருங்கள். கால் தரையில் படக் கூடாது. இரண்டு உள்ளங்கையையும் அடியில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் எலும்பு கையில் குத்தும். அந்த இரண்டின் மேல்தான் சவாரி செய்பவர் உட்கார்கிறார். எந்தக் கை அதிகம் நசுங்குகிறதோ அந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு கையும் ஒரே மாதிரி நசுங்கும்வரை உடம்பைச் சரிசெய்து பழகுங்கள்.

சமம் என்றால் என்ன என்று உங்களுக்குப் போய் நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பயிற்சியாளர்


மார்ச் 25

அன்புத் தங்கைக்கு,

பிரச்சினை தீர்ந்தது. நீ சொன்ன முறை நல்ல முறைதான், ஆனால் கொஞ்சம் குத்துமதிப்பு. உள்ளங்கையை நம்பி ஒரு தீர்ப்பு எழுதலாமா? என்னிடம் இரண்டு சோதனைத் தராசுகள் இருக்கின்றன. போன மாதம்தான் முத்திரை போட்டவை. இரண்டையும் சாப்பாட்டு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏறி, ஒரு பக்கத்துக்கு ஒரு தராசாக உட்கார்ந்தேன். காலைத் தொங்கவிட்டேன். எண்களை உன் அண்ணியைப் படிக்கச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு படித்தாள்: வலது முப்பத்தெட்டு, இடது முப்பத்தாறு.

இரண்டு கிலோ வித்தியாசம்! மூன்று முறை சோதித்தேன், ஒரே விடை.

அப்புறம் என்ன? கோட்டின் இடது பையில் இரண்டு ஒரு கிலோ கல்லைப் போட்டேன். வலது முப்பத்தெட்டு, இடது முப்பத்தெட்டு. முள் அசையவில்லை. இத்தனை வருடமாகக் குதிரை ஏறுகிற உங்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே என்றுதான் ஆச்சரியம். நாளையிலிருந்து கோட்டோடுதான் சவாரி.

வெற்றியுடன்,
அண்ணன்


மார்ச் 29

ஆய்வாளரே,

இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே பையைக் காலி செய்யுங்கள். அண்ணியிடமும் சொன்னேன். "நான் சொன்னா கேக்கற ஆளா உங்க அண்ணன்? எடுத்து வச்சா மறுபடி போட்டுக்கிறார்" என்கிறாள்.

தட்டுக்கு அடியில் ஈயத்துண்டு ஒட்டி வைத்த கடைக்காரரை நீங்கள் நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. "முள்ளு நேரா நிக்குதுன்னா தராசு நேராயிடுச்சுன்னு அர்த்தமாய்யா?" அந்தக் கடைக்காரர் இன்று உங்களைப் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார். சாய்வைச் சரிசெய்யாமல் கல்லைப் போட்டு மறைக்கிறீர்களே, நீங்கள் செய்வது என்ன வேலை?

மேஜை நகராது, குதிரை நகரும். இடது பக்கம் கனம் தொங்கினால் உடம்பு அதற்குப் பயந்து வலது பக்கம் இன்னும் அதிகமாகச் சாயும். இதுதான் இன்றைய குறிப்பு. இதற்குமேல் எழுத முடியவில்லை. கோபமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

பயிற்சியாளர்


ஏப்ரல் 4

தங்கைக்கு,

உன் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்தது. சீக்கிரம் வந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தெரிந்துவிடும்.

துள்ளோட்டத்தில் நாலாவது சுற்றில் கோட்டுப் பை கிழிந்தது. முதல் கல் தரையில் விழுந்தது. இரண்டாவது கல் லாயக்காரரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் மேனேஜரம்மா சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை. அதன் கழுத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். லாயக்காரருக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், எனக்கு விரல்தான். உங்க மானம்தான் கப்பலேறிடுச்சு" என்றார் நல்ல மனிதர்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்த உதவி ஆய்வாளர் வேலியில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாட்டேன் என்றால் மலை அவருக்குத்தான். மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் போனபோது, ஆவண அறைச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று எனக்குக் காட்டினார்கள். உதவியாகத்தான் காட்டினார்கள், அதுதான் தாங்கவில்லை.

இன்னும் பதினாறு நாள். எனக்குப் பயமாக இருக்கிறது. விழுவதற்கு இல்லை. இருபத்தாறு வருடமாக எது நேர், எது கோணல் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் உடம்பு கோணல் என்பது எனக்கே தெரியவில்லை. சரியாக உட்கார்ந்திருப்பதாகத்தான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

நீ கேட்ட அந்த வரியை எழுதப் பேனாவை எடுத்தேன். இப்போது எழுதினால் குறிப்பு வாங்குவதற்காக எழுதியதாக ஆகிவிடும். அதனால் எழுதவில்லை. சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்குச் சொல்லித் தா.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

கட்டணம் இருக்கட்டும். முழுவதும் சொல்கிறேன்.

உங்கள் கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தேன். வலது தோள் இறங்கியிருக்கிறது, தலை வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. அண்ணியை எடை போடுவது போல நிற்கிறீர்கள். கடைவீதியில் உங்களைப் பார்த்தபோதெல்லாம் அப்படித்தான் நின்றீர்கள். முள்ளைப் பார்க்கக் குனிந்து குனிந்து அதுவே உங்களுக்கு நேராகப் பழகிவிட்டது. குதிரைமேலும் அதே வேலைதான். வளையத்தில் கால் இருக்கிறதா என்று வலது பக்கம் குனிந்து குனிந்து பார்க்கிறீர்கள், அண்ணி சொன்னாள். தலை அஞ்சு கிலோ கனம் அண்ணா. அது போகிற பக்கம் உடம்பு போகும், உடம்பு போகிற பக்கம் குதிரை போகும்.

ஆகவே கீழே பார்க்காதீர்கள். குதிரையின் இரண்டு காதுக்கும் நடுவில், தூரத்தில் உயரமாக ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி (மேலே இருக்கிற தொட்டி), மரம், மாடி, எதுவானாலும் சரி. வளையும்போது அடுத்ததைப் பிடியுங்கள். கால் அதன் இடத்தில் இருக்கும், சந்தேகப்படாதீர்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே கோட்டில். உங்கள் பாஷையில் தூக்குக்குண்டு நூல். சரிவில் இறங்கும்போதும் அந்த நூல் நேராகத்தான் தொங்கும், மலை சாய்ந்தால் சாயட்டும். பயம் வரும்போது மூச்சை அடக்குவீர்கள்; விட்டுவிடுங்கள், வாய்விட்டு எண்ணினால் தானாக வரும். கடிவாளம் குதிரையோடு பேசத்தான், பிடித்துத் தொங்க இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. சும்மா உட்கார எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. முதல் இரண்டு வருடத்தில் எத்தனை முறை விழுந்தேன் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. திறப்பு விழா அன்று நீங்கள் மைக்கைப் பிடித்தபோது, அதைப் பற்றி ஏதாவது கேட்பீர்கள் என்று முட்டாள்தனமாக ஆசைப்பட்டேன்.

சரி, போய்ப் பழகுங்கள். கோட்டு வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 26

அன்புத் தங்கைக்கு,

மலையிலிருந்து இறங்கி வந்து எழுதுகிறேன். எல்லாம் உனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் தெரிந்திருக்காது, அதை நான் உன் அண்ணியிடமும் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து எட்டு நாள் காலையும் மாலையும் பழகினேன். இருபதாம் தேதி பெரிய அதிகாரி குடையோடு வந்தார். நான் எதிர்மாடியில் காயப்போட்டிருந்த ஒரு சிவப்புப் போர்வையைப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து மரம், மரத்திலிருந்து மறுபடியும் போர்வை. வாய்விட்டு எண்ணினேன். வலது சுற்று முடிந்தது, இடது சுற்றும் முடிந்தது. குதிரை நேராகப் போகச் சொன்ன இடத்தில் நேராகப் போனது. சரிவில் பாதி இறங்கும்போது அதிகாரி வெயிலுக்குக் குடையைப் படாரென்று விரித்தார். மேனேஜரம்மா ஒரு முழம் பக்கத்தில் குதித்தது. நானும் அதோடு ஒரு முழம் குதித்தேன், அதன் மேலேயே இருந்தேன். வேறு எங்கேயும் போகவில்லை! கட்டை விரலில் கட்டோடு லாயக்காரர் கைதட்டினார்.

கீழே வந்ததும் அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பரவால்லையே. பெரிய வித்தைன்னு நெனச்சேன். எல்லாத்தையும் குதிரையே பாத்துக்குது. நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும் போல."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழு வாரம், ஒரு தொட்டி, ஒரு முழங்கை, ஒரு கட்டைவிரல், உன் நாலு கடிதங்கள், சும்மாவா? திருப்பிக் கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பேச்சை முதலில் பேசியது யார் என்று உறைத்தது. நான் பட்டது ஏழு வாரம், நீ பட்டது ஒன்பது வருடம். என்னைச் சொன்னவர் வேற்று ஆள், உன்னைச் சொன்னது அண்ணன்.

மேல் ஊர் மருத்துவமனையில் குழந்தைகளை எடை போடும் தராசு இருநூறு கிராம் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே இருக்கும் நர்ஸ், குழந்தை தேறவில்லை என்று தாய்மார்களை மாதக்கணக்காகத் திட்டியிருக்கிறார். ஊசி போடுவதைவிட அந்தத் திட்டுக்குத்தான் பயப்படுவார்களாம். சரிசெய்து கொடுத்தேன். ஒரே நாளில் பதினேழு குழந்தைகள் இருநூறு கிராம் ஏறின. "கொழந்தைங்க சரியாத்தான் இருந்திருக்கு, தப்பா காட்டினது இதுதான்" என்று நர்ஸ் ஒவ்வொரு தாயையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ ஒரு வரி கேட்டாய். அலுவலகக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். முத்திரை நிஜ முத்திரை. இதற்காக என்மேல் விசாரணை வந்தாலும் வரட்டும். மைக்கில் சொன்னதை அறைக்குள் திரும்பப் பெற முடியாது, ஆகவே வாசலில் மாட்டு.

அண்ணன்

இணைப்பு:

சோதனைச் சான்றிதழ். சோதிக்கப்பட்டது: குதிரையேற்றப் பள்ளியை நடத்தும் என் தங்கையின் தொழில். சோதித்த முறை: ஆய்வாளர் தாமே ஏறி உட்கார்ந்து, விழுந்து, மறுபடியும் ஏறி உட்கார்ந்தது. முடிவு: உட்கார்வது கடினமான வேலை, அதற்குப் பள்ளிக்கூடம் அவசியம். இப்பள்ளியின் எடையில் குறைவு எதுவும் இல்லை. ஆறு வருடம் முன்பு மைக்கில் குறைத்துக் காட்டியது ஆய்வாளர்தான். நான் சொன்னது தப்பு.


மே 3

அண்ணா,

சான்றிதழைச் சட்டம் போட்டு வாசலில், குழந்தைகளைச் சேர்க்க வருகிறவர்கள் கண்ணில் படும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். நேற்று ஓர் அப்பா நின்று முழுவதும் வாசித்தார். "இந்த ஆய்வாளர் யாருங்க?" என்றார். "எங்க அண்ணன்" என்றேன். அப்படிச் சொல்லி ஆறு வருடம் ஆகிவிட்டது. அவர் மகளைச் சேர்த்துவிட்டார். முதல் தொப்பியின் உறையைப் பிரித்தேன். பிளாஸ்டிக் வாசனை இன்னும் புதிதாகவே இருந்தது.

போர்வையைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்த முதல் ஆள் நீங்கள்தான். மாணவர்களுக்கு அதையும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "அந்த அங்கிள் இங்க வருவாரா மிஸ்?" என்று கேட்டாள்.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் முத்திரை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அது உங்கள் சட்டம், நான் வைத்ததில்லை. புதுப்பிக்க ஆய்வாளர் நேரில் வந்து சோதிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். வருடா வருடம் வர வேண்டும், ஓய்வு பெற்ற பிறகும். முதல் சோதனையை இந்த மாதமே வைத்துக்கொள்ளலாம். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவளுக்கு ஒரு நல்ல குதிரையாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாவது முறை போன் அடியுங்கள். எடுக்கிறேன்.

தங்கை